தையல் மேசைக்கு இரண்டு விளக்கு

முப்பத்தோரு வருடம் தரையையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர், ஐம்பத்திரண்டாவது வயதில் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியதாயிற்று. எல்லாம் முழங்கால் செய்த வேலை. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "எலும்புக்கு நடுவுல இருக்கற மெத்தை தேஞ்சு போச்சு. இனிமே மண்டி போடக் கூடாது" என்றார்.

"குத்தவச்சு உக்காரலாமா?"

"அதுவும் கூடாது."

"அப்ப டைல்ஸை ஜனங்க செவுத்துல நடக்கற மாதிரிதான் போடணும்."

டாக்டர் சிரிக்கவில்லை. சீட்டை எழுதிக் கையில் கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வேலையிடங்களில் அவருக்கு ரசமட்டம் என்று பேர். மற்றவர்கள் மட்டப்பலகையை வைத்து, கண்ணாடிக்குள் குமிழி நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். இவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு நடை நடந்து, "அந்த மூலையில ஒரு நூல் தாழ்வு" என்பார். வைத்துப் பார்த்தால் ஒரு நூல்தான் தாழ்ந்திருக்கும். அப்படிப்பட்ட காலுக்குத்தான் இப்போது மாடிப்படி நாலு ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது.

தரை போனால் என்ன, மேலே கூரை இருக்கிறதே என்று யோசனை ஓடியது. ஜிப்சம் பலகை மாட்டி, அதில் குழி வெட்டி விளக்குப் பதிக்கிற வேலை எங்கே பார்த்தாலும் நடந்தது. அதை நின்றுகொண்டே செய்யலாம். ஆனால் தரைக்காரனுக்கும் சீலிங்காரனுக்கும் எந்தக் கட்டடத்திலும் ஆகாது. மேலே இருப்பவன் தூசியைக் கொட்டுவான், கீழே இருப்பவன் பாட்டனிலிருந்து ஆரம்பித்துத் திட்டுவான். அப்படி இவர் வாயால் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் ஒரு சீலிங் மேஸ்திரி. வயதில் பதினாலு இளையவர். வேறு வழியில்லாமல் அவரிடமே போய் நின்றார்.

மேஸ்திரி பழசையெல்லாம் கிளறவில்லை. "அண்ணே, உங்க கை சுத்தம் எல்லாருக்கும் தெரியும்" என்றார். "ஆனா கீழ பாத்து செய்யறது வேற, மேல பாத்து செய்யறது வேற. எங்கிட்ட வந்த எத்தனையோ நல்ல கொத்தனாருங்க மேல ஏறுனதும் குழந்தையா ஆயிட்டாங்க. ஒண்ணு பண்ணுங்க. உங்க வீட்ல ஒரு ரூமுக்கு சீலிங் மாட்டி, லைட் குழி வெட்டி வைங்க. சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து பாக்கறேன். புடிச்சிருந்தா திங்கக்கிழமை வேலைக்கு வாங்க. புடிக்கலன்னா டீ குடிச்சிட்டுப் போயிடறேன். மனசுல வச்சுக்கக் கூடாது."

"எந்த ரூம்னு யோசிக்கவே வேணாம்" என்றார் ரசமட்டம். "வீட்டுக்காரி தைக்கற ரூம்தான். அவளுக்கு மிஷினுக்கு மேல ரெண்டு லைட் தனியா வேணும்."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் நினைத்தார்.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்தாள். முன்னறையில், வாசலிலிருந்து பார்த்தால் எதிர்ச்சுவரின் இடது மூலையில் அவள் மேசை. வலது மூலையில் பீரோ. இடத்தை மாற்றவும் முடியாது. வலது பக்கச் சுவருக்கு அந்தப்புறம் குளியலறை. வருடம் முழுக்கச் சுவர் ஈரம் கக்கும். துணியை அங்கே ஒரு வாரம் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். பீரோவைக்கூடச் செங்கல் வைத்துத் தூக்கித்தான் நிறுத்தியிருந்தார்கள்.

அறைக்கு இருந்தது ஒரே ஒரு டியூப்லைட். அதுவும் மேசையில் உட்காருகிறவளின் முதுகுக்குப் பின்னால். அவள் குனிந்தால் அவள் தலை நிழலே ஊசிமேல் விழும். போன மாதம் ஒரு கம்பெனி ஆட்களுக்குக் கருநீலக் கால்சட்டை ஆறு தைத்தாள். வந்தவர் ஒன்றை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்தார். திரும்பக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஆறிலும் ஓடியிருந்தது கறுப்பு நூல். அவள் இரண்டு நாள் உட்கார்ந்து தையலைப் பிரித்தாள். "கண்ணு போச்சுன்னா சொல்லிடுங்க, கடையை மூடிடறேன்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். கண் மருத்துவர் கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை, நல்ல வெளிச்சத்தில் வேலை செய்யுங்கள் என்றார். அந்த வீட்டில் அதுவரை யாருக்கும் அப்படி ஒரு மருந்து எழுதிக் கொடுத்ததில்லை.

விளக்கு வாங்க மூன்று பேராகப் போனார்கள். மூன்றாவது ஆள் மனைவியின் தங்கை. எலக்ட்ரீஷியன். எப்போதும் கொண்டையில் டெஸ்டரைச் செருகி வைத்திருப்பதால் வீட்டிலும் வெளியிலும் அவளை டெஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். கரெண்டைப் பார்த்துப் பயப்படாதவள்; பேச்சில் யாரையும் விட்டுவைக்காதவள்.

கடைக்காரர் மஞ்சள் வெளிச்சத்தில் ஆரம்பித்தார். "இதான் இப்ப எல்லாரும் கேக்கறாங்க. வீட்டுக்குள்ள வந்தாலே ஓட்டல் மாதிரி இருக்கும்."

"எங்க வீட்ல சாப்பிட்டா ஓட்டல் மாதிரி இருக்காதுங்க" என்றாள் டெஸ்டர். "அதனால வெளிச்சத்த மட்டும் அப்படி வச்சு என்ன பிரயோஜனம்?"

மனைவி பையிலிருந்து நாலு நூல்கண்டுகளை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிமேல் வரிசையாக வைத்தாள். கறுப்பு, கருநீலம், அரக்கு, காப்பிக்கொட்டை. மஞ்சள் விளக்கின் கீழ் அவை இரண்டு நிறமாகிப் போயின. நீலம் கலந்த வெள்ளை விளக்கில் மூன்று. கடைக்காரர் இன்னொரு விளக்கை எரியவிட்டார். அது ஒரே இடத்தில் கம்பி மாதிரி குத்தியது. நூல்கண்டு பளிச்சென்று தெரிந்தது, பக்கத்தில் அவள் கை இருட்டுக்குள் போனது.

"இது சிலைக்குப் போடறது" என்று டெஸ்டர் அதைத் தள்ளி வைத்தாள். "எங்கக்கா சிலை இல்ல, கை ஆடும். பால் கண்ணாடி போட்டு அகலமா விழற மாதிரி காட்டுங்க. மஞ்சளும் வேணாம், நீலமும் வேணாம், நடுவுல இருக்கறது. அப்புறம் அந்த அட்டைப் பெட்டியைத் திருப்புங்க. நிறம் எவ்வளவு நிஜமா தெரியும்னு ஒரு நம்பர் போட்டிருப்பான். தொண்ணூறுக்குக் கீழ இருந்தா எடுக்காதீங்க."

கடைக்காரர் ஏணி போட்டு ஏறி, மேல் அலமாரியில் இருந்து தூசி தட்டி ஒரு பெட்டியை எடுத்தார். அந்த விளக்கின் கீழே நாலு நூலும் நாலு நிறமாக நின்றன. மனைவி கருநீலத்தையும் கறுப்பையும் இடம் மாற்றி வைத்தாள். கண்ணை மூடித் திறந்தாள். மறுபடி மாற்றினாள். கடைக்காரரே எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"இதுல ஆறு" என்றாள்.

ரசமட்டம் அன்று ராத்திரி சாப்பிட்ட கையோடு தாளில் படம் போட்டார். பதினாறுக்குப் பதினொன்று அறை. நாலு விளக்கு அறைக்குப் பொதுவாக, இரண்டிரண்டாக. மீதி இரண்டு தையல் மேசைக்கு மேலே பக்கம் பக்கமாக. தாளின் அடியில் 'வாசல்' என்று எழுதினார். மேலே இடது மூலையில் மேசையை வரைந்தார். அளவெல்லாம் கச்சிதம். தரைக்கு எத்தனையோ ஆயிரம் படம் போட்ட கை.

அறையைக் காலி செய்து, சாமான்களை உள்ளறையில் அடுக்கினார்கள். தகர வரிச்சட்டம் அடித்தார். டெஸ்டர் வந்து சட்டத்துக்கு மேலே ஒயர் இழுத்து, ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு சுருள் விட்டுப் போனாள். அதன்பின் அவர் பலகைகளை மாட்டி மூடினார். வலி பின்கழுத்தில் இருந்தது, முழங்காலில் இல்லை. அதுவே ஒரு நிம்மதிதான். இணைப்புகளில் புட்டி மாவு பூசி, தேய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். தரையைக் காலால் பார்த்தவர் கூரையைக் கையால் பார்த்தார். ஒரு நூல்கூட ஏற்ற இறக்கம் இல்லை.

சனிக்கிழமை காலை குழி வெட்டினார். சாரத்தில் நின்று தலையை அண்ணாந்து, தாளை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டார். 'வாசல்' என்று எழுதிய பக்கம் வாசலைப் பார்க்கும்படி தாளைத் திருப்பினார். எந்த வேலையிலும் அவர் முதலில் செய்வது அதுதான். படத்தின் வாசலை நிஜ வாசலோடு சேர்ப்பார். பிறகு அளந்து, பென்சிலால் ஆறு வட்டம் குறித்தார். வட்ட ரம்பத்தைப் பலகையில் வைத்து அழுத்தினார். வெள்ளைத் தூள் மூக்கு, மூக்குக் கண்ணாடி, பனியன் என்று எல்லாவற்றிலும் இறங்கியது. ஆறு வட்டத் துண்டுகள். அவற்றை எறியவில்லை, வேலை முடியும்வரை துண்டு துணுக்கை எறிவது அவர் பழக்கம் இல்லை.

முதல் நாலு குழியிலும் கையை விட்டார், ஒயர் வந்தது. ஐந்தாவதில் கையை விட்டார், இல்லை. முழங்கை வரை விட்டுத் துழாவினார். ஆறாவதிலும் வெறும் தகரம். இறங்கிவந்து போன் போட்டார்.

"ஏய் டெஸ்டர், மேசை லைட்டுக்கு ஒயர் விடாம போயிருக்க. பலகை எல்லாம் மூடியாச்சு. நாலு மணிக்கு ஆள் வர்றான். ஒரு வேலையைக் குடுத்தா ஒழுங்கா செய்யத் தெரியாதா?"

மறுமுனையில் அவள் "வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். டெஸ்டர் ஒற்றை வார்த்தையில் பேசினால் நல்லதுக்கு இல்லை.

பதினொரு மணிக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அறை நடுவில் நின்று மேலே பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள். "மாமா, அக்கா மேசை எங்க இருக்கும்?"

"அந்த மூல."

"விரலைக் காட்டுங்க."

அவர் இடது மூலையைக் காட்டினார். விரல் நீண்டபடியே நின்றது. அந்த மூலைக்கு மேலே கூரை வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. பக்கம் பக்கமாக இரண்டு குழி, அளவு பிசகாமல், வலது மூலையில் பீரோ நிற்கிற இடத்துக்கு நேர் மேலே.

தரையில் கிடந்த தாளை எடுத்தார். குனிந்து பார்த்தார், மேசை இடது பக்கம். தலைக்கு மேலே தூக்கி, வாசலை வாசலுக்குத் திருப்பினார். மேசை வலது பக்கம் போனது. இறக்கினார், இடது. ஏற்றினார், வலது. நாலு விளக்கு இரண்டு பக்கமும் சமமாக இருந்ததால் காட்டிக்கொடுக்கவில்லை. மேசை விளக்குதான் கவிழ்த்துவிட்டது. தரைக்குப் படம் போட்டால் தரைக்காரன் அதைக் கீழே விரித்து வேலை செய்வான். அதே தாளைத் தலைக்கு மேலே பிடித்தால் அது கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறிப்போகும். கூரை வேலையில் புதிதாக வருகிறவனுக்கு முதல் நாளே சொல்கிற விஷயம். இவரிடம் யார் சொல்வார்கள்? இவர்தான் எல்லாருக்கும் சொல்கிறவர்.

"ஒயர் விடத் தெரியாதவ கிட்ட ஏதாவது சொல்லணுமா மாமா?" என்றாள் டெஸ்டர்.

"தப்புதான். என் மேலதான் தப்பு."

"அது போதும். சத்தமா சொல்லிருந்தா அக்காவும் கேட்டிருப்பா."

அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். உள்ளறை வாசலில், கையில் ஒரு கால்சட்டையோடு நின்றாள். மேலே பார்த்தாள். "பீரோவுக்குக் கண்ணு தெரியலையா?" என்றாள்.

டெஸ்டர் சிரித்ததில் கொண்டையில் இருந்த டெஸ்டர் கீழே விழுந்தது. ரசமட்டம் சிரிக்கவில்லை. சாரத்தின் குறுக்குக் கட்டையில் உட்கார்ந்தார். மணி பதினொன்றரை. குழியை அடைக்கலாம். பின்னால் ஒரு பட்டை கொடுத்து, வெட்டிய வட்டத்தையே பொருத்தி, வலை டேப் ஒட்டி, புட்டி பூசி, காய்ந்து, தேய்த்து, மறுபடி பூசி, அப்புறம் பெயின்ட். குறைந்தது ஒரு நாள். நாலு மணிக்கு மேஸ்திரி வந்து அண்ணாந்து பார்த்தால் பீரோவுக்கு மேலே ஈரமாக இரண்டு நிலா தெரியும். இந்தச் சோதனையில் தோற்றால் போக வேறு இடம் இல்லை. மண்டி போடாமல் செய்கிற வேலை அவருக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை. வாட்ச்மேன் நாற்காலி ஒன்று மட்டும் எங்கேயாவது காலியாக இருக்கும்.

டெஸ்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாருங்க மாமா. அந்த ஒயரை உள்ளயே இந்தப் பக்கம் இழுத்துடறேன். கால் மணி நேரம். லைட்டை இந்தக் குழிலயே மாட்டிடலாம். அவர் கேட்டா, பீரோவுக்கு மேல லைட் போடறது இப்ப ஃபேஷன்னு சொல்லுங்க. போனப்புறம் நாளைக்கு மாத்திக்கலாம்."

"மேசைக்கு ரெண்டு லைட்டுனு நானே வாய விட்டேன் அவர்கிட்ட."

"அப்ப மேசையை இந்தப் பக்கம் போட்டுடலாம்" என்றாள் மனைவி. "ஒரு நாளுல பூஞ்சை புடிச்சிடாது. இன்னைக்கு ஒப்பேத்துங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகு அவர் மட்டும் என்ன சொல்வது? டெஸ்டர் சாரத்தில் ஏறினாள். இடது மூலைக்கு அருகில் இருந்த பொதுவிளக்குக் குழிவழியாகக் கையை விட்டு ஒயரைத் தேடினாள். மனைவி கையில் இருந்த கால்சட்டைக்கு ஊசி கோர்க்கலாம் என்று, காலி அறையில் மேசை இருக்க வேண்டிய இடத்திலேயே நின்று நூலை நாக்கில் நனைத்தாள். கோர்க்கவில்லை. கண்ணைச் சுருக்கினாள். இன்னொரு முறை. பிறகு ஜன்னலுக்குப் போனாள். அங்கேயும் ஆகவில்லை. கதவைத் திறந்துகொண்டு வாசலுக்குப் போய், வெயிலில் நின்று கோர்த்துக்கொண்டு வந்தாள். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. பல வருடமாக அப்படித்தான் செய்கிறாள். அவர்தான் இன்றுவரை அந்த நேரத்தில் வீட்டில் இருந்ததில்லை.

"இறங்கு" என்றார் ரசமட்டம்.

"ஒயரைப் புடிச்சிட்டேன் மாமா."

"விடு. இறங்கு. மேசையைத் தூக்கிட்டு வரணும், ஒரு கை புடி."

மேசை அதன் மூலைக்கு வந்தது. மிஷினும் வந்தது. நாற்காலி போட்டு மனைவியை உட்காரச் சொன்னார். தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். டெஸ்டர் ஒரு விளக்கை நீள ஒயரில் இணைத்துக் கொடுக்க, அவர் சாரத்தில் நின்று அதைக் கூரையோடு ஒட்டிப் பிடித்தார்.

"நிழல் எங்க விழுது?"

"என் கை மேல."

தாளில் போட்ட இடம் அதுதான். அரையடி முன்னால் நகர்த்தினார்.

"இப்ப?"

"ஊசி தெரியுது. இடது கை நிழல் துணி மேல இருக்கு."

"கொஞ்சம் இந்தப் பக்கம்?"

"இன்னும். இன்னும் கொஞ்சம். நில்லுங்க. ஆ, அங்கதான்."

"அந்த 'ஆ'வை எழுதிக்கங்க மாமா" என்றாள் டெஸ்டர். "கல்யாணம் ஆகி இவ்வளவு வருஷத்துல உங்களைப் பாத்து அவ சொல்லி நான் கேட்டதில்ல."

வட்டத்தைக் குறிப்பதற்கு முன் அந்த இடத்திலிருந்து தூக்குக்குண்டைக் கீழே விட்டார். குண்டு ஊசிக்கு ஒரு சாண் முன்னால், துணி விரிகிற இடத்தில் ஆடி நின்றது. இரண்டாவது விளக்குக்கும் அப்படியே. பிறகுதான் ரம்பத்தைத் தொட்டார். குழியில் கையை விட்டதும் ஒயர் சுருள் விரலில் இடித்தது. விளக்கின் இரண்டு பக்கமும் எலிப்பொறி மாதிரி ஸ்பிரிங் காது. அதை மடக்கி உள்ளே தள்ளும்போது பட்டென்று விரலில் அடித்தது. அவர் வாயில் வந்ததை மனைவிக்காக விழுங்கினார். டெஸ்டர் அணைத்து வைத்திருந்த மெயின் சுவிட்சைப் போட்டாள்.

மனைவி மேலே பார்க்கவில்லை. விளக்கைப் பார்க்க அவளுக்கு என்ன இருக்கிறது? கால்சட்டையை மடித்து, ஊசியின் கீழே கொடுத்து, மிதிக்க ஆரம்பித்தாள்.

மணி இரண்டேகால். பழைய குழி இரண்டையும் அடைக்கத் தொடங்கினார். பலகைத் துண்டில் பட்டை வெட்டி, குழிக்குள் குறுக்கே நுழைத்து, பலகையோடு திருகினார். வெட்டிய வட்டத்தை அதே குழியில், அதே திசையில் வைத்துப் பட்டையில் திருகினார்; ரம்பம் தின்ற இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக வரும்வரை கழற்றிக் கழற்றி வைத்தார். டைல்ஸ் இடைவெளி பார்த்த கண் அது, அதற்குப் பாடம் தேவையில்லை. இடைவெளியில் புட்டியை அழுத்தி ஏற்றினார்.

மேஸ்திரி நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். உள்ளே நுழைந்ததும் முதலில் கண் போனது ரசமட்டத்தின் கைக்குத்தான். கையில் கரணை. கரணை நுனியில் ஈரப் புட்டி. தலைக்கு மேலே இரண்டு நிலா.

"என்னண்ணே இது?"

ரசமட்டத்துக்கு ஒரு கணம் எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. இத்தனை நாள் 'டேய் தம்பி' என்றுதான் கீழேயிருந்து கத்தியிருக்கிறார். "படத்தைத் தலைகீழா புடிச்சு குழி வெட்டிட்டேன், மேஸ்திரி" என்றார். "மேசை லைட்டு பீரோ பக்கம் போயிடுச்சு. இது காய நாளைக்கு ஆகும்."

"பீரோவுக்கே லைட்டை மாட்டிருக்கலாமே. எனக்கு என்ன தெரியப்போகுது?"

டெஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அதையும் யோசிச்சோம்" என்றார் ரசமட்டம்.

மேஸ்திரி சாரத்தில் ஏறினார். பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்துக் கூரையோடு ஒட்டிச் சாய்வாக அடித்தார்; அப்படி அடித்தால் நேரே பார்க்கும்போது தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழல் போட்டுக் காட்டிவிடும். இணைப்புகள்மேல் மெல்ல ஓட்டினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிழல் இல்லை. திரும்பவும் ஓட்டினார். பிறகு ஈர வட்டத்துக்கு வந்து, அதில் ஒரு விரலை வைத்து எடுத்தார்.

"இது காஞ்சா உள்வாங்கும். வட்டம் தெரியும்."

"தெரியும். அதனாலதான் வலை டேப்பு இன்னும் போடல. முதல் பூச்சு இறங்கட்டும்னு விட்டேன். காலையில டேப்பு ஒட்டி ரெண்டாவது. சாயங்காலம் மூணாவது, ஒரு முழ அகலத்துக்கு இழுத்து."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. டைல்ஸ் இடுக்குல சிமென்ட் அடைச்சாலும் இறங்கும். அதே புத்திதான்."

மேஸ்திரி இறங்கினார். கை துடைத்துக்கொண்டு தையல் மேசைப் பக்கம் போனார். மனைவி மிதிப்பதை நிறுத்தவில்லை. மடிப்பு முடிகிற இடம்வரை ஓட்டிவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினாள்.

"வெளிச்சம் எப்படிம்மா?"

"காலையில இருந்து வாசலுக்குப் போகல" என்றாள். பிறகு திருத்தினாள். "மத்தியானத்துல இருந்து."

டெஸ்டர் டீ கொண்டுவந்தாள். மேஸ்திரி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்தபடி கொஞ்ச நேரம் நின்றார். டீயைக் கொடுத்த உடனே குடித்துவிட்டுப் போகிற ஆளாகத் தெரியவில்லை. "எங்கிட்ட ஒம்போது பேர் இருக்காங்க" என்றார். "மாசத்துக்கு ஒரு தப்புக் குழியாவது விழும். என்ன பண்ணுவானுங்க தெரியுமா? பெரிய லைட்டா வாங்கி மாட்டி மறைப்பானுங்க. இல்லன்னா நான் பாக்கறதுக்குள்ள பெயின்ட் அடிச்சிடுவானுங்க. ஆறு மாசம் கழிச்சு வீட்டுக்காரர் போன் பண்ணி, சீலிங்ல தோசைக்கல்லு மாதிரி வட்டமா வருதுன்னு என்னைப் புடிச்சு வாங்குவாரு."

"நான் அப்படிப் பண்ண மாட்டேன்."

"அதான் பாத்தேனே. கழுத்து எப்படி இருக்கு?"

"வலிக்குது. முட்டி மாதிரி இல்ல."

"ஒரு மாசத்துல பழகிடும். பழகலன்னா சொல்லிடணும், ஒளிச்சு வைக்கக் கூடாது." மேஸ்திரி டீயை ஒரே மடக்கில் முடித்தார். "திங்கக்கிழமை ஏழு மணிக்கு வாங்க. இணைப்பு பூசற வேலை முழுக்க உங்களுது. கூலி புது ஆளுக்கு என்னவோ அதுதான், இப்ப அதுக்கு மேல கேக்காதீங்க. ரம்பத்தை மட்டும் ஒரு மாசத்துக்குத் தொடக் கூடாது."

முப்பத்தோரு வருடம் தலைமை ஆளாக இருந்தவரிடம், கருவியைத் தொடாதே என்று பதினாலு வயது இளையவர் சொல்கிறார். ரசமட்டத்தின் காது சூடேறியது. மனைவியைப் பார்த்தார். அவள் கால்சட்டையின் அடுத்த காலை எடுத்து மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

"சரி மேஸ்திரி" என்றார். "ரெண்டு மாசம்னாலும் சரி. ஆனா படத்தை எப்படிப் புடிக்கணும்னு முதல் நாளே காட்டிடுங்க."

"இடம் வலம் மாத்தி வரைஞ்சு வச்சிருக்கோம்ணே, எங்க படமெல்லாம். தலைக்கு மேல புடிச்சா சரியா வரும்." மேஸ்திரி செருப்பை மாட்டினார். "அதைக் கீழ விரிச்சுப் பாத்துட்டு, தப்பா இருக்குன்னு திருத்திடாதீங்க."

அவர் தெரு முனை திரும்பும்வரை ரசமட்டம் வாசலில் நின்றார். உள்ளே வந்தபோது மிஷின் சத்தம் நின்றிருந்தது. டெஸ்டர் ஒயர் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். மனைவி இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி, உள்ளறையிலிருந்து எடுத்துவந்த சாம்பல் நிறத் துணி ஒன்றை உதறிப் பார்த்தாள்.

"இங்க வந்து நில்லுங்க, விளக்குக்குக் கீழ" என்றாள். "உங்க சட்டை எல்லாம் குனிஞ்சு வேலை செய்யறதுக்குத் தச்சது. அண்ணாந்தா கழுத்து வழியா பவுடர் பூரா உள்ள இறங்கும். காலர் இறுக்கி, ரெண்டு பட்டன் வச்சுத் தரேன்."

"திங்கக்கிழமைக்குள்ளயா?"

"நாளைக்கே முடிஞ்சிடும். தலையைத் தூக்குங்க."

அவர் தலையைத் தூக்கினார். டேப் கழுத்தைச் சுற்றியது. அவள் எண்ணைப் படிக்கக் குனியவில்லை, கண்ணைச் சுருக்கவில்லை.

"பதினாறரை" என்றாள். "எழுதிக்க, டெஸ்டர்."